சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணும்: பழைய மோட்டார் சைக்கிளின் அடையாள வரலாறு

சேஸ் எண், என்ஜின் எண் ஆகிய இரண்டும் ஒரு மோட்டார் சைக்கிளின் அடையாளத்தைத் தாங்கி நிற்பவை. சேஸ் எண் வண்டியின் இரும்புச் சட்டத்திலும், என்ஜின் எண் என்ஜினின் அடிப்பெட்டியிலும் (கிராங்க் கேஸ்) ஆலையிலேயே உளி அச்சால் அடித்துப் பதிக்கப்படுகின்றன. ஆலையிலிருந்து வெளியேறியபோது எந்தச் சட்டத்தில் எந்த என்ஜின் இருந்ததோ, அதே இணை இன்றும் சேர்ந்திருந்தால் அந்த வண்டியை "எண் பொருந்திய வண்டி" என்பர். இணை பிரிந்திருந்தால் அது "எண் பொருந்தாத வண்டி".

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேகரிப்போரிடையே இந்த வேறுபாடு வண்டியின் விலையைப் பெரிதும் மாற்றிவிடும். அதைவிட முக்கியமாக, திருடப்பட்ட வண்டியா, போலியாக உருவாக்கப்பட்ட வண்டியா, உண்மையாகவே பழுதுபார்க்கப்பட்டு வாழ்ந்த வண்டியா என்பதைச் சொல்லும் முதல் சாட்சி இந்த எண்களே. ஆனால் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் உண்மை, வேறாக இருந்தால் போலி என்று எளிதாக முடிவுகட்ட இயலாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழக்கத்தைக் கொண்டிருந்தது. அந்த வழக்கத்தை அறியாமல் எண்ணை வாசிப்பது, எழுத்து தெரியாமல் கல்வெட்டை வாசிப்பது போன்றது.

எண்கள் தோன்றிய பின்னணி

தொடக்கத்தில் இந்த எண்கள் அரசுக்காக அடிக்கப்பட்டவை அல்ல. எந்த வண்டி எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது, எதற்கு உத்தரவாதம் உண்டு, எந்த உதிரிபாகம் பொருந்தும் என்பதை ஆலை அறிந்துகொள்ளவே அவை பயன்பட்டன. வண்டி வெளியேறும்போது அனுப்புகைப் பேரேட்டில் சேஸ் எண், என்ஜின் எண், வண்டியின் வகை, அனுப்பிய நாள், முகவரின் பெயர் ஆகியவை கையால் எழுதப்பட்டன.

பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி 1904 ஜனவரி 1 முதல் வண்டிகளுக்குப் பதிவெண் பலகை கட்டாயமானது. 1920ஆம் ஆண்டின் சாலைச் சட்டத்தைத் தொடர்ந்து 1921 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவுப் புத்தகம் வழங்கப்பட்டது. வண்டியின் விவரங்கள் அரசு ஆவணத்தில் ஏறியதும் ஆலையின் உள்வழக்கமாக இருந்த எண், சட்டப்படியான அடையாளமாக மாறியது.

இன்று பயன்படும் 17 இலக்க வண்டி அடையாள எண் மிகவும் பிற்பட்டது. அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தே அது ஒரே சீரான வடிவில் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பொதுவான இலக்கணம் கிடையாது. எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் இலக்கணத்தையும் தனித்தனியே கற்க வேண்டியுள்ளது.

நிறுவனங்களின் வழக்கங்கள்

ட்ரையம்ப்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோவென்ட்ரிக்கு அருகிலுள்ள மெரிடன் ஆலையில் உருவான ட்ரையம்ப் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பொதுவாகச் சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றே. 1963 மாடலிலிருந்து 650 சிசி வண்டிகளில் என்ஜினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்தன. அப்போது "டியூ" என்ற ஈரெழுத்துடன் 101இலிருந்து புதிய வரிசை தொடங்கியது. என்ஜின் எண் இடப்புறத்தில், சிலிண்டர் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே உள்ள தட்டையான மேடையில் இருக்கும். சேஸ் எண் ஹேண்டில்பார் தண்டு செல்லும் தலைக்குழாயின் இடப்புறத்தில் இருக்கும்.

நார்ட்டன்: போருக்குப் பிந்தைய நார்ட்டன்களிலும் இரு எண்களும் ஒன்றே. கமாண்டோ வகையில் கியர்பெட்டியிலும் அதே எண் அடிக்கப்பட்டதால் மூன்று இடங்களில் ஒப்பிடலாம்.

பி.எஸ்.ஏ.: இங்குதான் பலர் தவறுகின்றனர். 1960களின் பிற்பகுதி வரை பி.எஸ்.ஏ. நிறுவனம் சேஸுக்கு ஒரு வரிசையும் என்ஜினுக்கு வேறொரு வரிசையும் வைத்திருந்தது. புகழ்பெற்ற கோல்டு ஸ்டார் 500 சிசி வண்டியின் என்ஜின் எண் "டிபிடி34" என்று தொடங்க, அதன் சேஸ் எண் "சிபி32" என்று தொடங்கும். முன்னெழுத்தும் வேறு, எண்ணும் வேறு. அப்படி இருப்பதே அந்த வண்டிக்கு இயல்பு. மாறாக, ஒரு கோல்டு ஸ்டாரில் இரு எண்களும் ஒன்றாக இருந்தால்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும்.

வெலோசெட்: இந்நிறுவனத்திலும் வரிசைகள் வெவ்வேறு. 500 சிசி வெனம் வண்டியின் என்ஜின் எண் "விஎம்" என்று தொடங்கும். சேஸ் எண் "ஆர்எஸ்" என்று தொடங்கும்.

வின்சென்ட்: ஸ்டீவனேஜ் நகரில் பிலிப் வின்சென்ட் நடத்திய இந்த ஆலையின் முறை தனித்தன்மை கொண்டது. போருக்குப் பிந்தைய 1000 சிசி வண்டிகளில் சேஸ் எண், என்ஜின் எண்ணைவிடச் சரியாக 1900 அதிகமாக இருக்கும். என்ஜின் எண் 1100 எனில் சேஸ் எண் 3000. எனவே இங்கு ஒப்பிடுவதற்கு ஒரு கழித்தல் கணக்குப் போட வேண்டும். மேற்சட்டம், பின்சட்டம் ஆகிய இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அடிப்பெட்டியின் இரு பாதிகளிலும் தனியாக ஓர் இணைப்பு எண் உண்டு. அதுவும் பொருந்தினால்தான் இரு பாதிகளும் ஒன்றாகக் கடையப்பட்டவை என்பது உறுதியாகும். மேலும், என்ஜின் எண்ணின் நடுவில் "1பி" என்று இருந்தால் அது பிளாக் ஷேடோ. "1" மட்டும் இருந்தால் ராபிட். இந்த ஒற்றை எழுத்துக்காகவே போலி எண்கள் அடிக்கப்படுவதுண்டு.

ஹார்லி-டேவிட்சன்: 1970 மாடலுக்கு முந்தைய ஹார்லி வண்டிகளின் சேஸில் இத்தகைய அடையாள எண்ணே கிடையாது. அடிப்பெட்டியின் இடப்புறத்தில் உள்ள என்ஜின் எண்ணே வண்டியின் எண். அது ஆண்டு, வகை, வரிசை எண் என்ற ஒழுங்கில் இருக்கும். "48எஃப்எல்" என்று தொடங்கினால் 1948 மாடல், எஃப்எல் வகை. ஆகவே 1950களின் ஹார்லியைக் காட்டி "சேஸ் எண்ணும் பொருந்துகிறது" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லே ஓர் எச்சரிக்கை. அங்கு ஒப்பிட வேண்டியவை அடிப்பெட்டியின் இரு பாதிகளின் கீழ்ப்புறத்தில் உள்ள எண்கள். வண்டியைச் சாய்த்தோ, தரையில் கண்ணாடி வைத்தோதான் அவற்றைப் பார்க்க முடியும் என்பதால், மேலே உள்ள எண்ணை மாற்றுவோர் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர்.

எழுத்துகளில் ஒளிந்திருக்கும் நாட்காட்டி

1969 மாடல் ஆண்டின்போது ட்ரையம்ப், பி.எஸ்.ஏ. ஆகிய இரு நிறுவனங்களும் பொதுவான ஒரு குறியீட்டு முறைக்கு மாறின. எண்ணுக்கு முன் இரண்டு எழுத்துகள் வரும். முதல் எழுத்து வண்டி உருவான மாதத்தையும், இரண்டாம் எழுத்து மாடல் ஆண்டையும் குறிக்கும்.

மாத எழுத்துகள்: ஏ – ஜனவரி, பி (ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து) – பிப்ரவரி, சி – மார்ச், டி (நான்காம் எழுத்து) – ஏப்ரல், இ – மே, ஜி – ஜூன், எச் – ஜூலை, ஜே – ஆகஸ்ட், கே – செப்டம்பர், என் – அக்டோபர், பி (பதினாறாம் எழுத்து) – நவம்பர், எக்ஸ் – டிசம்பர்.

ஆண்டு எழுத்துகள்: சி – 1969, டி – 1970, இ – 1971, ஜி – 1972, எச் – 1973, ஜே – 1974, கே – 1975, என் – 1976, பி (பதினாறாம் எழுத்து) – 1977, எக்ஸ் – 1978.

இதை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மாடல் ஆண்டு என்பது நாட்காட்டி ஆண்டு அன்று. கோடை முடிந்ததும் அடுத்த ஆண்டின் மாடல் தயாரிப்பு தொடங்கிவிடும். எனவே "ஜேடி" என்று தொடங்கும் எண், 1970 மாடல் வண்டி ஆகஸ்ட் மாதத்தில் உருவானது என்று சொல்கிறது. அந்த ஆகஸ்ட் 1969ஆம் ஆண்டினது. பதிவுப் புத்தகத்தில் 1969 என்றும் விற்பவர் வாயில் 1970 என்றும் இருந்தால், இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

இதே காலத்தில் ட்ரையம்ப் மற்றொரு பாதுகாப்பையும் சேர்த்தது. என்ஜின் எண் அடிக்கும் மேடையின் மேற்பரப்பில் நிறுவனத்தின் சின்னம் சிறுசிறு வடிவில் திரும்பத் திரும்பப் பதிக்கப்பட்டது. எண் அதன் மேல் அடிக்கப்பட்டது. பழைய எண்ணை அராவி அழித்தால் சின்னங்களும் அழிந்துவிடும். 1970களின் ட்ரையம்பில் அந்த மேடை வழவழவென்று இருந்தால், எண் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கேள்வி எழுப்ப வேண்டும்.

பொருந்தாமை எல்லாம் மோசடி அன்று

அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடிய வண்டியில் என்ஜின் மாறியிருப்பது வியப்புக்குரியதன்று. அதற்குப் பல நேர்மையான காரணங்கள் உண்டு.

முதலாவது, பழுது. இணைப்புத் தண்டு முறிந்து அடிப்பெட்டியைத் துளைத்துவிட்டால் புதிய பெட்டி வாங்க வேண்டியிருந்தது. மாற்றுப் பெட்டிகள் எண் அடிக்கப்படாமல் வந்ததும் உண்டு. அதில் பழைய எண்ணையே பணிமனைக்காரர் அடித்திருக்கலாம், வெறுமையாகவும் விட்டிருக்கலாம்.

இரண்டாவது, போர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காக பி.எஸ்.ஏ. எம்20 வகை வண்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. ராணுவப் பணிமனைகளில் வண்டியை விரைவாகக் களத்துக்குத் திருப்பி அனுப்புவதே நோக்கம். பழுதான என்ஜினைக் கழற்றி, தயாராக இருக்கும் வேறொன்றைப் பொருத்தி அனுப்பினர். எந்த என்ஜின் எந்தச் சட்டத்தில் பிறந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அத்தகைய வண்டியில் பொருந்தாத எண், அது போர்க்காலப் பணியில் இருந்ததோடு இயைந்துபோகும் ஒன்றாகும்.

மூன்றாவது, விருப்பம். 1950, 60களில் பிரிட்டிஷ் இளைஞர்கள் நார்ட்டனின் "ஃபெதர்பெட்" சட்டத்தில் ட்ரையம்ப் என்ஜினைப் பொருத்தி "ட்ரைட்டன்" என்ற கலப்பு வண்டிகளை உருவாக்கினர். நார்ட்டன் சட்டம் சாலையைப் பற்றி நிற்பதில் சிறந்தது. ட்ரையம்ப் என்ஜின் எளிதில் கிடைத்தது, வேகத்தைக் கூட்டவும் இடம் தந்தது. ட்ரைட்டனில் எண்கள் பொருந்தவே முடியாது. ஆயினும் அது தன் காலத்தின் பண்பாட்டு ஆவணம் என்று மதிக்கப்படுகிறது.

இவற்றில் எதுவும் குற்றமன்று. மறைத்து விற்கும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

மோசடியின் வடிவங்கள்

மோசடிகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கலாம். திருட்டு வண்டியின் எண்ணை அழித்து, ஆவணம் உள்ள வேறொரு வண்டியின் எண்ணை அடிப்பது ஒன்று. சாதாரண வகையை விலையுயர்ந்த வகையாகக் காட்டுவது இரண்டாவது. பொருந்தாத எண்ணைப் பொருந்துவதாக மாற்றுவது மூன்றாவது.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1962, 63இல் மட்டும் வெளிவந்த பி.எஸ்.ஏ. ராக்கெட் கோல்டு ஸ்டார். அதன் என்ஜின் எண் "டிஏ10ஆர்" என்று தொடங்கும். ஆனால் அதிக எண்ணிக்கையில் வெளிவந்த சூப்பர் ராக்கெட் வண்டியின் என்ஜினும் அதே முன்னெழுத்தையே கொண்டது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சேஸ் எண்ணே. உண்மையான ராக்கெட் கோல்டு ஸ்டாரின் சேஸ் எண் "ஜிஏ10" என்று தொடங்க வேண்டும். என்ஜினை மட்டும் பார்த்து வாங்குபவர், சூப்பர் ராக்கெட்டுக்கு ராக்கெட் கோல்டு ஸ்டாரின் விலையைக் கொடுத்துவிடுவார்.

எண்ணைத் தவிர உடலும் பேசும். ஒற்றை சிலிண்டர் கோல்டு ஸ்டாரின் எண்ணெய்ப் பம்பு பெரிது. அதற்கு இடம் விட்டு, சட்டத்தின் வலப்புறக் கீழ்க்குழாய் சற்று வளைக்கப்பட்டிருக்கும். தோற்றத்தில் ஒத்திருக்கும் பி31 வண்டியின் சட்டத்தில் அந்த வளைவு இல்லை. எண்ணை மாற்றி அடிப்பது ஒரு மாலை நேர வேலை. குழாயின் வளைவை உருவாக்குவது அவ்வளவு எளிதன்று.

ஆய்வு செய்யும் முறை

1. தூய்மை செய்தல்: எண் உள்ள இடத்தில் உள்ள கிரீஸையும் அழுக்கையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாள், அரம், கம்பித் தூரிகை ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. சான்றை அழித்துவிட்டுச் சான்று தேட முடியாது.

2. சாய்ந்த ஒளியில் பார்த்தல்: கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் ஆழமும், பரப்பின் மேடுபள்ளமும் தெரியும். எண் இருக்கும் இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்தோ, அரவிய கோடுகளுடனோ இருந்தால் பழைய எண் நீக்கப்பட்டிருக்கலாம்.

3. படியெடுத்தல்: மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்ணின் உருவம் தாளில் படியும். புகைப்படத்தோடு இதையும் வைத்திருப்பது நல்லது.

4. எழுத்துருவை ஒப்பிடுதல்: ஒவ்வோர் ஆலையும் குறிப்பிட்ட அச்சுகளையே பயன்படுத்தியது. 3இன் தலை தட்டையா வளைவா, 4 திறந்ததா மூடியதா, 1க்கு அடிக்கோடு உண்டா என்பவற்றை, ஐயமற்ற வேறொரு வண்டியின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வரிசை கோணலாக இருப்பது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. ஆலையிலும் கையால் அடித்தவர்கள் மனிதர்களே.

5. எண்ணையும் உறுப்பையும் ஒப்பிடுதல்: எண் சொல்லும் ஆண்டுக்குரிய பிரேக், முன் ஃபோர்க், சிலிண்டர் தலை ஆகியவை வண்டியில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

6. ஆவணத்தோடு ஒப்பிடுதல்: பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணை வண்டியில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். சுழியமும் ஓ எழுத்தும், 1ம் ஐ எழுத்தும் எழுத்தரின் கையில் இடம் மாறுவதுண்டு.

அழிக்கப்பட்ட எண்ணையும் சில வேளைகளில் மீட்கலாம். அச்சு அடிக்கும்போது எழுத்தின் பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேற்பரப்பை அராவினாலும் அந்த இறுகிய பகுதி கீழே எஞ்சியிருக்கும். பரப்பை வழவழப்பாக்கி, தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால், இறுகிய பகுதி மற்ற பகுதியிலிருந்து வேறுபட்டு அரிக்கப்பட்டுப் பழைய எண் மங்கலாகத் தோன்றும். இரும்புச் சட்டத்துக்கு, செம்புக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடயவியல் ஆய்வகங்களில் பயன்படுகிறது. அலுமினிய அடிப்பெட்டிக்கு வேறு கரைசல்கள் உண்டு. இரும்புக்குக் காந்தத்துகள் முறையும் உண்டு. எண் மிக ஆழமாக அரவப்பட்டிருந்தால் எந்த முறையும் பயன்படாது. இது வல்லுநர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் செய்து பார்க்கத் தக்கதன்று.

பேரேடுகளின் இறுதிச் சொல்

வண்டியில் உள்ள எண் ஒரு சாட்சி என்றால், ஆலையின் பேரேடு மறுசாட்சி. ஆலைகள் மூடப்பட்டபோது பல பேரேடுகளை ஆர்வலர் சங்கங்கள் காப்பாற்றின. பிரிட்டனில் 1946இல் தொடங்கப்பட்ட பழங்கால மோட்டார் சைக்கிள் சங்கம் ட்ரையம்ப் உள்ளிட்ட பல நிறுவனங்களின் பதிவுகளைப் பாதுகாக்கிறது. வின்சென்ட், வெலோசெட், பி.எஸ்.ஏ. ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உள்ளன. அவற்றின் ஆவணக் காப்பாளரிடம் சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் கொடுத்தால், பதிவு எஞ்சியிருக்கும் நிலையில், அவை இரண்டும் ஒரே வண்டியாக வெளியேறினவா என்பதை அறியலாம்.

வரிசைகள் வேறுபடும் பி.எஸ்.ஏ., வெலோசெட் போன்ற வண்டிகளுக்குப் பேரேடு இன்னும் முக்கியமானது. எண்ணும் எண்ணும் ஒன்றல்ல என்பதால், "இந்தச் சட்டத்துக்கு இந்த என்ஜின்" என்று எழுதிய அந்த ஒரு வரியே அவற்றின் பொருத்தத்துக்குச் சான்று.

பிரிட்டனில் வண்டிப் பதிவுகள் கணினிமயமானபோது 1983 நவம்பர் 30க்குள் பதிவு செய்யப்படாத பழைய வண்டிகளின் எண்கள் செல்லாமற்போயின. கொட்டகைகளில் கிடந்த பல வண்டிகள் இவ்வாறு தம் பதிவெண்ணை இழந்தன. பின்னர் அதை மீட்க விண்ணப்பிக்கும்போது, வண்டியைப் பார்வையிட்டுச் சேஸ் எண்ணை உறுதிசெய்யும் பணி அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தியச் சூழல்

விடுதலைக்கு முன்னும் பின்னும் ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் வண்டிகள் இந்தியாவுக்கு வந்தன. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டு வண்டிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதானது. மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததைக் கொண்டு வண்டியை ஓடவைத்தனர். ஒரு சட்டத்தில் வேறு வண்டியின் என்ஜின் இருப்பது இந்நாட்டில் பெரும்பாலும் மோசடியின் அடையாளமன்று, தட்டுப்பாட்டின் அடையாளம்.

ஆயினும் சட்டத்தின் பார்வை வேறு. ஆர்.சி. புத்தகத்தில் சேஸ் எண், என்ஜின் எண் இரண்டும் உள்ளன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி என்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து, புத்தகத்தில் திருத்தம் பெற வேண்டும். முன்னாள் உரிமையாளர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்தின்போது சிக்கல் புதிய உரிமையாளரின் தலையில் விழும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் "விஏ" என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம். வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பதும், சேஸிலோ என்ஜினிலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. இதனால் இந்தியாவிலும் எண்களின் பொருத்தம் சேகரிப்பாளரின் ஆர்வம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

முடிவுரை

ஒரு பழைய வண்டியின் எண்களை ஆராய்பவர் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். இந்த நிறுவனம், இந்த ஆண்டில், எண்களை எவ்வாறு அடித்தது? இப்போது கண்ணில் படும் எண்கள் ஆலை அடித்தவையா? அவை பேரேட்டுடனும் பதிவுப் புத்தகத்துடனும் ஒத்துப்போகின்றனவா? முதல் கேள்வியைத் தாண்டிவிட்டு நேரே மூன்றாவதற்குச் செல்வோர், நல்ல வண்டியைப் போலி என்று ஒதுக்குவர் அல்லது போலியை நல்லது என்று வாங்குவர்.

பொருந்தாத எண் உள்ள வண்டியை வைத்திருப்பதில் இழிவு ஏதுமில்லை. அதன் என்ஜின் எப்போது, ஏன் மாறியது என்பதை எழுதி வைப்பது உரிமையாளரின் கடமை. ஆனால் அந்த எண்ணை அராவிப் பொருந்தும் எண்ணை அடிப்பவர் இரண்டு வண்டிகளின் வரலாற்றை அழிக்கிறார்: இந்த என்ஜின் பிறந்த வண்டியினுடையது ஒன்று, இந்தச் சட்டம் இழந்த என்ஜினுடையது மற்றொன்று. ஒருமுறை அழிந்த எண்ணை ஆய்வகம் சில வேளை மீட்கலாம், அதனோடு மறைந்த நம்பிக்கையை மீட்பது கடினம்.